பிரேக் டிஸ்க் மாற்றி ஏழாயிரம் கிலோமீட்டரில் மறுபடி ஸ்டீயரிங் உதறல், இது நாலாவது தடவை

வழிப்போக்கன் (கேள்வி)

முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக் உள்ள சின்ன ஹேட்ச்பேக். இதுவரை ஓடியது 36,000 கி.மீ. 80-க்கு மேல் போகும்போது பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் இடமும் வலமுமாக உதறுகிறது. மிதிக்காதவரை 110-லும் ஒரு சின்ன அதிர்வுகூட இல்லை. 40-க்குக் கீழே மிதித்தாலும் தெரியவில்லை.

14,000-ல் முதல் தடவை வந்தது, டிஸ்க்கைக் கழற்றி லேத்தில் கடைந்து போட்டார்கள். 21,000-ல் திரும்பியது, இரண்டு பக்கமும் புது டிஸ்க், புது பேடு. 29,000-ல் மறுபடி, மறுபடியும் புதுசு. இப்போது 36,000-ல் மறுபடி. ஒவ்வொரு தடவையும் வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது வெண்ணெய் மாதிரி நிற்கிறது. ஆறேழாயிரம் தாண்டினால் தொடங்கிவிடுகிறது.

கூடவே இரண்டு விஷயம். இடது முன்சக்கர ரிம்மில் கருப்புத் தூள் வலதைவிட அதிகம். சில சமயம் முதல் மிதியில் பெடல் கொஞ்சம் ஆழமாகப் போகிறது, உடனே இன்னொரு தடவை மிதித்தால் மேலே நிற்கிறது.

சர்வீஸ் சென்டரில் ‘நீங்கள் பிரேக்கை அதிகம் பிடிக்கிறீர்கள், சூட்டில் டிஸ்க் வளைகிறது, அது தேய்மானப் பொருள், வாரன்டி வராது’ என்கிறார்கள். டிஸ்க் உண்மையிலேயே இப்படி வளையுமா? மறுபடியும் மாற்றுவதற்கு முன்னால் எதைப் பார்க்கச் சொல்ல வேண்டும்?

---

டயல்கேஜ்

வளையாது. சாதாரண ஓட்டத்தில் வரும் சூட்டுக்கு வார்ப்பிரும்பு டிஸ்க் வளைந்துகொள்வது அபூர்வம். பட்டறையில் ‘டிஸ்க் பெண்டு’ என்று சொல்வதில் பெரும்பாலானவை கனம் சீராக இல்லாத டிஸ்க்குகள். ஒரு இடம் தடிமன், ஒரு இடம் மெலிவு. தடிமனான இடம் பேடுகளுக்கு நடுவே வரும்போதெல்லாம் பேடை அழுத்தும் பிஸ்டனைத் தள்ளும், பிடிப்பு கூடும். மெலிவு வரும்போது பிடிப்பு குறையும். உங்கள் டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.9 மீட்டர் உருளும் என்று வைத்தால் 80 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு 12 தடவை சுற்றும், 100-ல் 15 தடவை. முன் சஸ்பென்ஷனும் ஸ்டீயரிங்கும் தானாகவே ஆட விரும்பும் வேகம் பல கார்களில் அதே சுமாருக்குத்தான் இருக்கிறது. அதனால்தான் 40-ல் தெரியாதது 90-ல் கையை உலுக்குகிறது. 0.01 முதல் 0.02 மி.மீ. கன வித்தியாசமே இதற்குப் போதும்.

உங்கள் கேள்வியில் மிக முக்கியமான வரி ‘ஆறேழாயிரம் தாண்டினால்’ என்பது. புது டிஸ்க் கனம் சீராகத்தான் வருகிறது. அதை ஏதோ ஒன்று மெல்ல மெல்லச் சீர்கெடுக்கிறது. அந்த ஏதோ ஒன்று டிஸ்க்கில் இல்லை, டிஸ்க் உட்காரும் இடத்தில் இருக்கிறது.

ஹப் (டிஸ்க்கும் சக்கரமும் மாட்டும் நடுப்பகுதி) முகத்தில் துரு அல்லது அழுக்கு ஒரு பக்கம் 0.05 மி.மீ. நின்றாலும், டிஸ்க் சாய்ந்து உட்காரும். ஹப் முகம் சிறியது, டிஸ்க் பெரியது. ஆகவே அதே சாய்வு டிஸ்க்கின் விளிம்பில் ஏறக்குறைய இரட்டிப்பாகும். இதைத்தான் ரன்-அவுட் என்கிறோம். ரன்-அவுட் இருந்தாலே உதறல் வந்துவிடாது. பேடுகளைத் தாங்கும் காலிப்பர் மிதப்பதால் சாய்வுக்கு ஏற்ப ஆடிக் கொடுத்துவிடும். ஆனால் நீங்கள் பிரேக் மிதிக்காமல் ஓட்டும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டரில், சாய்ந்த டிஸ்க்கின் துருத்திய இடம் ஒவ்வொரு சுற்றிலும் பேடை ஒரு தடவை உரசிவிட்டுப் போகும். அந்த ஒரே இடம் தேய்ந்து மெலியும். ஏழாயிரம் கி.மீ. ஓடினால் உதறும் அளவுக்குக் கன வித்தியாசம் தயார். புது டிஸ்க்கை அதே துருவின் மேல் போட்டால் கடிகாரம் திரும்பச் சுழியத்திலிருந்து ஓடத் தொடங்குகிறது, அவ்வளவுதான். லேத்தில் கடைந்தாலும் இதே கதை. லேத்தின் தண்டில் நேராகச் சுற்றிய டிஸ்க் உங்கள் ஹப்பில் நேராகச் சுற்றும் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

அளக்கும் முறை: சக்கரத்தைக் கழற்றியபின் எல்லா நட்டுகளையும் வாஷர் வைத்து டிஸ்க்கின் மேல் சீராக முறுக்குங்கள். ஒரு நட்டு மட்டும் போட்டு அளந்தால் அளவு பொய். டயல் கேஜின் (நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் கருவி) முள்ளை டிஸ்க் விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே வைத்து ஒரு முழுச் சுற்று. வாகனத்துக்கான கையேட்டில் உச்ச வரம்பு இருக்கும், பெரும்பாலும் 0.05 மி.மீ. சுற்றுவட்டாரம். 0.10 காட்டினால் உங்கள் பதில் கிடைத்துவிட்டது. பிறகு மைக்ரோமீட்டரால் அதே வட்டத்தில் எட்டு இடங்களில் கனம். வெர்னியர் வேண்டாம், டிஸ்க் விளிம்பில் தேயாத வரப்பு நிற்கும், வெர்னியரின் தாடை அதன்மேல்தான் உட்காரும்.

ரன்-அவுட் அதிகம் என்றால் டிஸ்க் காரணமா, ஹப் காரணமா? ஹப்பிலும் டிஸ்க்கிலும் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டு, துருத்தும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கை ஒரு ஸ்டட் (நட்டு மாட்டும் போல்ட்) தள்ளித் திருப்பிப் போட்டு மறுபடி அளங்கள். துருத்தல் டிஸ்க்கோடு நகர்ந்தால் குற்றம் டிஸ்க்கில். ஹப்பின் குறியிலேயே நின்றால் ஹப்பில். நாலு நிலைகளில் எது குறைவாகக் காட்டுகிறதோ அதிலேயே விட்டுவிடலாம், காசில்லாத வைத்தியம். (டிஸ்க்கைப் பிடிக்க ஒற்றை ஸ்க்ரூ உள்ள கார்களில் இப்படித் திருப்ப முடியாது.)

---

சிவப்புக்கொடி

நல்ல நிறுவனத்தின் துளை போட்ட டிஸ்க்கும் செராமிக் பேடும் வாங்கிப் போடுங்க. சூடு ஏறாது, பிரச்சினை தீரும்.

---

டயல்கேஜ்

துளை போட்ட டிஸ்க்கும் அதே ஹப்பில்தானே உட்காரும்? சாய்ந்து உட்கார்ந்தால் அதுவும் அப்படியே தேயும். அதோடு துளை ஓரங்களில் மயிரிழை விரிசல் தொடங்குவதும் உண்டு. தெருவில் ஓடும் காருக்கு அது அலங்காரம்.

---

ஸ்பேனர்_12_13

மேலே சொன்னது சரி, ஆனால் இடது பக்கத் தூளை விட்டுவிடக் கூடாது. இடது பேடு ஓயாமல் உரசிக்கொண்டிருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. ரன்-அவுட்டும் இருந்து பேடும் விலகாமல் இருந்தால் உதறல் இன்னும் சீக்கிரம் வரும்.

முதலில் சூட்டைப் பாருங்கள். பிரேக்கை அதிகம் தொடாமல் 10–15 கி.மீ. ஓட்டி, மெல்ல வேகத்தை விட்டு நிறுத்தி, லேசர் தெர்மாமீட்டரால் இரண்டு பக்கமும் உடனே அளங்கள். பளபளக்கும் டிஸ்க் முகத்தில் பிடித்தால் அந்தக் கருவி குறைத்துக் காட்டும், ஆகவே காலிப்பர் உடம்பிலோ டிஸ்க்கின் துருப்பிடித்த தொப்பிப் பகுதியிலோ இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் பிடியுங்கள். 30–40 டிகிரி வித்தியாசம் இருந்தால் அந்தப் பக்கம் ஒட்டிப் பிடிக்கிறது.

பேடைக் கழற்றினால் தேய்மானமே மீதியைச் சொல்லும். மிதக்கும் காலிப்பரில் உள் பேடும் வெளி பேடும் கிட்டத்தட்ட சமமாகத் தேய வேண்டும். உள் பேடு மட்டும் பாதியாகிவிட்டது என்றால் காலிப்பர் பின் (காலிப்பர் வழுக்கி நகரும் கம்பி) ஜாம், அல்லது பிஸ்டன் திரும்பவில்லை. ஒரே பேடு மேலே கனமாகவும் கீழே மெலிந்தும் ஆப்பு போல் இருந்தால் இரண்டு பின்களில் ஒன்று மட்டும் ஜாம்.

பின்னைக் கையால் இழுத்தால் வழுக்கிக்கொண்டு வர வேண்டும், திருகினால் சுற்ற வேண்டும். வரவில்லை என்றால் வெளியே எடுத்து, துளையின் உள்ளேயும் பழைய கிரீஸைத் துடைத்தெடுத்து, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸ் மெல்லிய படலமாக. பேரிங்குக்குப் போடும் சாதா கிரீஸ் இங்கே விஷம். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் அந்த ரப்பர் பூட் ஊதிப்போய்ப் பின்னை இறுக்கிக்கொள்ளும். ‘கிரீஸ் போட்டுத்தானே கொடுத்தோம்’ என்பவர்கள் பல பேர் போட்டது இதைத்தான். துளை நிறையத் திணிப்பதும் தப்பு. உள்ளே காற்று அடைபட்டு பின்னைத் திருப்பித் தள்ளும். சில காலிப்பர்களில் ஒரு பின்னின் நுனியில் ரப்பர் வளையம் இருக்கும், அது மேலா கீழா என்று பார்த்துவைத்துக் கழற்றுங்கள். இடம் மாற்றிப் போட்டால் சில மாதத்தில் ஜாம்.

பேடின் இரண்டு காதுகளும் உட்காரும் ஸ்டீல் கிளிப்பைக் கழற்றி, அடியில் கம்பி பிரஷ் போட வேண்டும். அங்கே துரு வளர்ந்து கிளிப்பைத் தூக்கிவிடும், பேடு இடுக்கில் மாட்டும். புது பேடைச் சுத்தியலால் தட்டி உட்கார வைக்கிறார்கள் என்றால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். விரலால் தள்ளினால் போக வேண்டும்.

பின், கிளிப் எல்லாம் சரி, ஆனாலும் சக்கரம் இறுக்கம் என்றால் ஹோஸ் (காலிப்பருக்கு ஆயில் போகும் ரப்பர் குழாய்). வெளியே புதுசு மாதிரி இருக்கும், உள் ரப்பர் உரிந்து ஒருவழி வால்வாக வேலை செய்யும். மிதிக்கும்போது ஆயில் போகும், விட்டால் திரும்பாது. சக்கரம் இறுகியிருக்கும்போதே காலிப்பரின் ஏர் நிப்பிளை (காற்றை வெளியேற்றும் திருகு) கால் சுற்றுத் திறங்கள். ஆயில் பீய்ச்சி வந்து சக்கரம் விட்டால் உள்ளே அழுத்தம் அடைபட்டிருக்கிறது. அடுத்த தடவை இறுகும்போது நிப்பிளைத் தொடாமல் ஹோஸின் மேல்முனை யூனியனை (இணைப்பு நட்டு) தளர்த்துங்கள். அங்கேயே சக்கரம் விட்டால் ஹோஸ் நிரபராதி, மாஸ்டர் சிலிண்டர் (பெடல் மிதித்தால் ஆயிலைத் தள்ளும் பாகம்) பக்கம் போங்கள். அங்கே தளர்த்தியும் விடாமல் நிப்பிளில் மட்டும் விட்டால் ஹோஸைத் தூக்கிப் போடுங்கள். எதைத் திறந்தும் விடவில்லை என்றால் பிஸ்டனே துருவில் ஒட்டியிருக்கிறது. யூனியனைத் திறந்த பிறகு ஏர் எடுக்காமல் வண்டியை நகர்த்தக் கூடாது.

---

மழைக்குருவி

பெடல் பற்றி யாரும் சொல்லவில்லை. ‘முதல் மிதி ஆழம், இரண்டாவது மிதி சரி’ என்பதற்கு இந்த வண்டியில் இரண்டே காரணம் முதலில் நினைக்கலாம்.

ஒன்று, டிஸ்க்கின் ஆட்டமோ வீல் பேரிங்கின் ஆட்டமோ பிஸ்டனை உள்ளே தள்ளிவிடுகிறது. முதல் மிதியில் அந்த இடைவெளியை அடைக்கவே ஆயில் செலவாகும். திருப்பத்திலோ குழியிலோ போய் வந்த உடனே இப்படி வந்தால் இதுதான். சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கடகடப்பு இருந்தால் ஹப் ரன்-அவுட் அளவே நம்ப முடியாது, பேரிங்தான் முதல் வேலை.

இரண்டு, பின் டிரம்மில் தானியங்கி அட்ஜஸ்டர் (தேய்மான இடைவெளியைத் தானே அடைக்கும் பாகம்) வேலை செய்யவில்லை. பல்சக்கரம் துருவில் நின்றுவிட்டால் லைனிங் தேயத் தேய இடைவெளி கூடும். டிரம்மைக் கழற்றி அட்ஜஸ்டரைச் சுத்தம் செய்து, டிரம்மைப் போட்டுச் சுற்றினால் லேசாக உரசும் அளவுக்கு நீட்ட வேண்டும். ஹேண்ட்பிரேக் கேபிளை அதற்குப் பிறகுதான் தொடணும். ஹேண்ட்பிரேக் மேலே வருகிறதே என்று கேபிளை முதலில் இறுக்கிவிட்டால் பல டிரம்களில் ஷூ லீவர் பாதி இழுத்த நிலையில் நின்று, அட்ஜஸ்டர் நிரந்தரமாகச் செத்துவிடும். இது மிகப் பரவலான தவறு.

இரண்டாவது மிதியில் மேலே நின்ற பெடல், காலை அழுத்திவைத்திருக்கும்போதே மெல்ல மெல்லத் தரைக்கு இறங்கினால் வேறு விஷயம். வெளியே கசிவு இல்லாமல் இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரின் உள் சீல் போய்விட்டது. அந்த நிலையில் வண்டி ஓட்டக் கூடாது. பஞ்சு மாதிரி அமுங்கினால் காற்று. கல் மாதிரி இறுகி நின்றால் பூஸ்டர் (மிதிக்கும் பலத்தைக் கூட்டும் பாகம்): இன்ஜினை அணைத்து ஐந்து தடவை மிதித்து, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள், பெடல் ஒரு சின்ன அளவு கீழே இறங்க வேண்டும், இறங்காவிட்டால் வேக்கம் குழாய், அதன் ஒருவழி வால்வு, பிறகு பூஸ்டர்.

பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றியது? அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 (பிரேக் ஆயிலின் ஒரு தரம்) ஆயிலுக்குக் குறைந்தபட்சக் கொதிநிலை புதுசில் 230 டிகிரி, ஈரமானபின் 155. டாட் 3-க்கு 205, 140. இடது சக்கரம் ஓயாமல் சூடாகிறது என்றால் இறக்கத்தில் அந்த 155-ஐத் தொடுவது கடினமில்லை. ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் ஒரேயடியாகக் கீழே போகும். நிறத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். ஒரு லிட்டர் போதும். ஏர் எடுக்கும்போது பெடலைத் தரைவரை மிதிக்காமல் அடியில் ஒரு மரத்துண்டு வையுங்கள். பழைய மாஸ்டர் சிலிண்டரில் அந்தக் கடைசிப் பகுதி சொரசொரப்பாக இருக்கும், சீல் கிழியும். எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பது காருக்குக் கார் மாறும், கையேட்டைப் பாருங்கள்.

---

வழிப்போக்கன்

எல்லோருக்கும் நன்றி. வெளியே ஒரு பட்டறையில் அளந்தது இது.

ரன்-அவுட்: இடது 0.11, வலது 0.03.
கனம்: இடது எட்டு இடங்களில் 21.79 முதல் 21.82 வரை. வலது 21.86, 21.87. புதுசு 22, குறைந்தபட்சம் 20 என்று டிஸ்க்கிலேயே பொறித்திருக்கிறது.
சூடு: காலிப்பரில் இடது 96 டிகிரி, வலது 58.
இடது உள் பேடு 5 மி.மீ., வெளி பேடு 8. கீழ்ப் பின் பிளையரால்தான் வந்தது.
வீல் பேரிங்கில் ஆட்டம் இல்லை. இடது டிஸ்க்கைக் கழற்றியபோது ஹப் முகத்தில் ஒரு பக்கம் செதில் செதிலாகத் துரு. அதைத் தேய்த்துச் சுத்தம் செய்து அதே டிஸ்க்கைப் போட்டால் 0.05. ஒரு ஸ்டட் தள்ளிப் போட்டால் 0.03.

டிரம் இன்னும் திறக்கவில்லை. சுத்தம் செய்தபிறகும் உதறல் இருக்கிறது, கொஞ்சம் குறைந்த மாதிரிதான். இப்போது என்ன?

---

டயல்கேஜ்

உதறல் இருக்கத்தான் செய்யும். இடது டிஸ்க்கில் 0.03 கன வித்தியாசம் ஏற்கெனவே பதிந்துவிட்டது, ஹப்பைச் சுத்தம் செய்ததால் தேய்ந்த இரும்பு திரும்ப வராது. டிஸ்க்கில் இன்னும் நிறையக் கனம் மிச்சம் இருக்கிறது, ஆகவே புதுசு தேவையில்லை. வண்டியிலேயே, ஹப்பில் மாட்டியபடியே கடையும் இயந்திரம் உள்ள இடமாகப் பாருங்கள். அதில் டிஸ்க் எந்த அச்சில் சுற்றப்போகிறதோ அதே அச்சில் கடையப்படுகிறது. இடது, வலது இரண்டும். கிடைக்கவில்லை என்றால் புது டிஸ்க், ஆனால் சுத்தமான ஹப்பில், போட்ட உடனே ரன்-அவுட் அளந்து எழுதி வாங்கிக்கொண்டு.

கடையும்போது டிஸ்க்கில் நீல நிறப் புள்ளிகள் தென்பட்டால் அந்த டிஸ்க்கை விட்டுவிடுங்கள். கடும் சூட்டில் வார்ப்பிரும்பின் அந்த இடம் கடினமாக மாறியிருக்கும், மேலாகக் கடைந்தாலும் ஆழத்தில் இருக்கும், திரும்பத் துருத்தும்.

ஹப்புக்கு: மையத்தில் உள்ள வட்ட மேடு, ஸ்டட்களைச் சுற்றியுள்ள வளையம் இரண்டும் உலோகம் தெரியும்வரை. கம்பி பிரஷ், நைலான் தேய்ப்பு வட்டு போதும். கிரைண்டர் கல்லை ஹப்பில் வைக்க விடாதீர்கள். டிஸ்க்கின் உள்முகத்தையும் சேர்த்துத் துடையுங்கள். புது டிஸ்க்கில் துரு தடுக்கும் எண்ணெய் இருக்கும், பிரேக் கிளீனரால் கழுவ வேண்டும். ஹப் முகத்தில் காப்பர் கிரீஸை அப்புவது பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. கட்டியாக அப்பினால் அதுவே இன்னொரு சாய்வு.

பிறகு நட்டு. காற்றுத் துப்பாக்கியால் ஒவ்வொரு நட்டையும் அடித்து முடிப்பதுதான் இந்தச் சங்கிலியில் கடைசிக் குற்றவாளி. ஒன்று 70, இன்னொன்று 180 நியூட்டன் மீட்டர் என்று இழுத்துவைத்தால் சுத்தமான ஹப்பிலும் டிஸ்க் கோணும். கையால் உட்கார வைத்து, குறுக்குக் குறுக்காக, டார்க் ரெஞ்சால் (முறுக்கு விசையை அளந்து முறுக்கும் கருவி) இரண்டு சுற்று. சின்னக் கார்களில் 85 முதல் 110-க்குள் இருக்கும், உங்கள் கையேட்டு எண்ணையே போடுங்கள். பஞ்சர் ஒட்டும் இடத்திலும் இதேதான்.

பேடு இரண்டு பக்கமும் புதுசு. முதல் நாள் 60-லிருந்து 15 வரை மிதமாகப் பிடித்து, நிற்காமல் விட்டு, மறுபடி. எட்டுப் பத்துத் தடவை. பிறகு பத்து நிமிடம் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கோடு பெடலை அழுத்திப் பிடித்தபடி சிக்னலில் நின்றால் பேடின் அச்சு அப்படியே டிஸ்க்கில் ஒட்டும். அதுவும் பார்வைக்கு ‘வளைந்த டிஸ்க்’தான்.

---

ஸ்பேனர்_12_13

கீழ்ப் பின் பிளையரில் வந்தது என்றால் அதைத் தேய்த்துத் திரும்பப் போடாதீர்கள். பின், பூட் அடங்கிய கிட் தனியாகக் கிடைக்கும். பின்னின் பூச்சில் துருக்குழி விழுந்திருந்தால் கிரீஸ் எத்தனை நாள் காப்பாற்றும்? காலிப்பரில் பிஸ்டனைத் தள்ளும்போது நிப்பிளைத் திறந்து பழைய ஆயிலை வெளியே விடுங்கள், அழுக்கை ஏ.பி.எஸ். (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) பக்கம் திருப்பித் தள்ள வேண்டாம்.

---

கோப்புக்கட்டு

புகார் பக்கம் கொஞ்சம் சொல்கிறேன். ‘பிரேக் சரியில்லை’ என்று ஜாப் கார்டில் (சர்வீஸ் சென்டரின் வேலைச் சீட்டு) எழுதினால் ‘சோதித்தோம், சரியாக உள்ளது’ என்றுதான் பதில் வரும். இப்படி எழுதச் சொல்லுங்கள்: ‘80–100 கி.மீ. வேகத்தில் மித பிரேக்கில் ஸ்டீயரிங் அதிர்வு. 14,000, 21,000, 29,000 கி.மீ.யில் செய்த பழுதுக்குப் பிறகும் நாலாவது முறை. ரன்-அவுட், கனம் இரண்டையும் அளந்து ஜாப் கார்டில் குறிக்கவும்.’ சர்வீஸ் ஆலோசகரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டிவிட்டு, அதிர்வு தெரிந்தது என்று கையெழுத்து வாங்குங்கள். கழற்றிய பழைய உதிரிகளையும் கேளுங்கள்.

டிஸ்க் தேய்மானப் பொருள் என்பது சரியான வாதம். ஆனால் உங்கள் டிஸ்க் 22-லிருந்து 20-க்குத் தேயவில்லை, 21.8-லேயே உதறுகிறது. அது தேய்மானம் ஆகாது. நீங்கள் கேட்பது டிஸ்க்குக்கான வாரன்டி அல்ல, ஹப்பைச் சுத்தம் செய்யாமல் இரண்டு தடவை பொருத்திய வேலைக்கான பொறுப்பு. இந்த வேறுபாட்டை எழுத்தில் வையுங்கள். 0.11, சுத்தம் செய்தபின் 0.05 என்ற இரண்டு எண்களும் உங்கள் வழக்கறிஞர்கள்.

சேஸிஸ் எண்ணைப் போட்டு உற்பத்தியாளரின் இணையதளத்தில் ரீகால் (கோளாறுக்காகக் கார்களைத் திரும்ப அழைப்பது) இருக்கிறதா என்றும் பாருங்கள், ஐந்து நிமிட வேலை. உதறலுக்கு ரீகால் வருவது அரிது, பிரேக் இழப்புக்கு வரும். 2010 பிப்ரவரியில் டொயோட்டா பிரியஸ் உட்பட நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹைப்ரிட் கார்களைத் திரும்ப அழைத்தது. மேடுபள்ளத்திலும் வழுக்கும் பரப்பிலும் மெல்லப் பிடிக்கும்போது ஒரு கணம் பிடிப்பு விடுகிறது என்று உரிமையாளர்கள் சொன்ன புகார், ஏ.பி.எஸ். மென்பொருளை மாற்றித் தீர்த்தார்கள். எந்தப் பரப்பில், எந்த அழுத்தத்தில் என்ற விவரம் புகாரில் இருந்தால்தான் இப்படிப்பட்ட கோளாறைக் கண்டுபிடிக்கவே முடியும். 2022 ஜூனில் மெர்சிடிஸ் பென்ஸ் 2004–2015 காலத்து எம்.எல்., ஜி.எல்., ஆர் வரிசைக் கார்களை, உலகளவில் ஏறக்குறைய 10 லட்சம், அழைத்ததும் பிரேக்குக்காகத்தான்: பூஸ்டரின் மேலுள்ள ரப்பர் உறைக்கு அடியில் ஈரம் தங்கி உலோகம் அரித்துப்போனது. உறையை விலக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

---

வழிப்போக்கன்

வண்டியிலேயே கடைந்தாயிற்று. பின் கிட், பேடு, ஆயில் எல்லாம் புதுசு. இடது ரன்-அவுட் 0.02, வலது 0.02. கனம் இடது எல்லா இடத்திலும் 21.61. நட்டு 100-ல் டார்க் ரெஞ்ச். 100-லிருந்து பிடித்தால் உதறல் இல்லை. டிரம்மைத் திறந்தால் இடது அட்ஜஸ்டர் பல்சக்கரம் சுற்றவே இல்லை, சுத்தம் செய்து நீட்டியபின் பெடல் முதல் மிதியிலேயே மேலே நிற்கிறது. ஆனால் புதுசாகப் போட்டபோதெல்லாம் இப்படித்தான் நன்றாக இருந்தது. ஏழாயிரம் வரை காத்திருக்கத்தான் வேண்டுமா?

---

டயல்கேஜ்

வேண்டாம். 2,000 கி.மீ.யில் இடது டிஸ்க்கை எட்டு இடங்களில் மைக்ரோமீட்டர் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் 0.01-க்குள் நின்றால் சரியாகிவிட்டது. கை உணர்வதற்கு வெகுமுன்பே மைக்ரோமீட்டருக்குத் தெரிந்துவிடும். அப்போதே காலிப்பர் சூட்டையும் இரண்டு பக்கமும் ஒருமுறை பிடித்துவிடுங்கள்.